மேல் போல்ட்

"எல்லாத்தையும் காலி பண்ணிட்டேனுங்கம்மா. ஆனந்தம் மட்டும் வர மாட்டேங்குது" என்றார் செங்கோடன்.

அறுபது வயதில் வீடு வாசலை விட்டு மலை ஆசிரமத்துக்கு வந்தவர் அவர். குரு தவமணியம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கேள்வி வந்த நேரத்தில் அம்மா ஆசிரமத்து ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"என்னென்ன காலி பண்ணுனீங்க?"

"காபி, பாட்டு, ஊர் நெனப்பு... காலைலகூட மக போன் பண்ணுனா. பேத்திக்கு இன்னைக்குச் சாயந்தரம் பேர் வெக்கறாங்களாம். வரமாட்டேன்னுட்டேன்."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கையில் கை தானாகப் போனைத் தடவியது.

"உள்ள வாங்க. டிஃபரன்ஷியலுக்கு ஆயில் மாத்தணும்."

முனகிக்கொண்டே தவழ்ந்து போனார். பின் சக்கரங்களுக்கு நடுவே இரும்புக் குடம் மாதிரி ஒன்று; அதுதான் டிஃபரன்ஷியல். அதில் இரண்டு போல்ட். கீழே இருப்பதைத் திறந்தால் பழைய ஆயில் இறங்கும். மேலே இருப்பது புதுசு போகிற வழி.

செங்கோடன் ஸ்பேனரை நேரே கீழ் போல்ட்டில் மாட்டினார். காலி பண்ணுவதென்றால் மனிதருக்கு அவ்வளவு அவசரம்.

அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "மொதல்ல மேல."

"பழசை எறக்காமயா?"

"எறக்குன பிறகு மேல திறக்கலைன்னா?"

 செங்கோடன் ஸ்பேனரை மேலே மாட்டினார்.

அசைவேனா என்றது. ஒரே துரு. அம்மா மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டினார். செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரோடு மல்லுக்கட்டினார். வேர்த்து விறுவிறுத்துப் போனது.

கிறீச்சென்று நகர்ந்தது போல்ட்.

"திறந்துருச்சுங்கம்மா!"

ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் இப்படிக் கத்தியதில்லை.

அப்புறம் கீழே திறந்தார்கள். பழையது கறுப்பாக இறங்கி முடிந்ததும் அதை மூடினார்கள். மேல் துவாரத்தில் குழாயைச் செருகி, கைப்பம்பை அவரிடம் கொடுத்தார் அம்மா.

"எவ்வளவுங்கம்மா ஏத்தோணும்?"

"வழியற வரைக்கும்."

அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு இழை வெளியே வழிந்து, விரலை நனைத்து, முழங்கை வரை ஓடியது. செங்கோடன் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கண்ணிலும் வழிந்தது. அத்தனை சந்தோஷம்.

அம்மா மேல் போல்ட்டை முடுக்கினார். இடுப்பில் செருகியிருந்த ஜீப் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கையக் கழுவாம பேத்தியத் தூக்கிடாதீங்க."