சோலையப்பன் கன்னத்து மங்கு

மதுரைக்குத் தெற்கே கோணலூர் என்று ஓர் ஊர். அங்கே மூன்று பேர் கூட்டாக அப்பளக் கம்பெனி நடத்தினார்கள். மாவு பிசைவது மொக்கராசு. வட்டமாகத் தேய்ப்பது ஒச்சப்பன். மொட்டை மாடியில் காயப்போட்டுக் காக்கை விரட்டுவது சோலையப்பன். மூவரில் சோலையப்பன் முகம்தான் ஓரளவு பார்க்கும்படி இருந்தது. ஆகவே அதையே பாக்கெட்டில் அச்சடித்து, கீழே 'இந்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று போட்டிருந்தார்கள்.

எட்டு வருஷம் உச்சி வெயிலில் காக்கை விரட்டினால் முகம் என்ன ஆகும்? இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. சுட்ட அப்பளத்தில் தீய்ந்த இடம் மாதிரி கருந்திட்டு. சோலையப்பன் அதைக் கவனிக்கவேயில்லை. சந்தைக் கடைக்காரர் ஒருவர்தான் பாக்கெட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், "இதுல இருக்குறது உங்க தம்பியா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள்.

"பாக்கெட்ல என்ன போட்டிருக்கு? வாசி," என்றான் மொக்கராசு.

ஒச்சப்பன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"அந்த முகத்துல திட்டு இருக்கா?"

"இல்ல."

"இவன் முகத்துல?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

"அப்ப யாரு போலி?"

ஒச்சப்பன் பாக்கெட்டுக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தான். "பாக்கெட்டு பத்தாயிரம் இருக்கு. அத்தனையும் ஒரே மாதிரி இருக்கு. இவன் ஒரே ஒருத்தன். இவன்தான் போலி."

சோலையப்பன் பாக்கெட்டை வாங்கி ஒருமுறை பார்த்துக்கொண்டான். எட்டு வருஷ உழைப்பு. ஆனால் நியாயம் நியாயம்தானே? மங்கு போகிறவரை போலி கம்பெனிப் படி ஏறக்கூடாது என்ற தீர்மானத்துக்கு அவனும் கை தூக்கிவிட்டுத்தான் இறங்கினான்.

வீட்டில் அவன் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காலையும் மாலையும் கன்னத்தில் தேய்த்தான். தேய்த்த கையோடு, சாறு காயட்டும் என்று வெயிலில் போய் நின்றான். ஃபேன்சி ஸ்டோரில் 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று எழுதியிருந்த க்ரீமை வாங்கிப் பூசினான். ஏழாம் நாள் முகம் சொன்னபடியே சிவந்தது, எரிந்தது. எட்டாம் நாள் திட்டு முன்னைவிடக் கறுத்தது.

"அடிப்பிடிச்ச வாணலியத் தேய்க்கிற மாதிரி மூஞ்சியத் தேய்க்காதீங்க. டவுன்ல தோல் டாக்டரம்மா இருக்காங்க, போய்க் காட்டுங்க," என்றாள் அவன் மனைவி வேலுத்தாய்.

கூட்டாளிகள் இருவரும் துணைக்குப் போனார்கள். போலியைத் தனியாக அனுப்புவது சரியில்லை என்பது மொக்கராசின் கட்சி.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பொறுமையாகச் சொன்னார்:

"இது மங்கு. பயப்படாதீங்க. வெயில்தான் முக்கியக் காரணம். நீங்க தேய்ச்ச தேய்ப்பும், கண்ட க்ரீமும் அதை இன்னும் கெடுத்திருக்கு. இனிமே எலுமிச்சம்பழம் உங்க முகத்துப் பக்கமே வரக்கூடாது. வெயில் முகத்துல படக்கூடாது, குடை இல்லாம வெளிய போகாதீங்க. இந்த மருந்து பொழுது சாஞ்சப்புறம் மட்டும், ஒரு பட்டாணி அளவு. கண்ணாடியப் பார்த்து, கறுப்பு தெரியுற இடத்துல மட்டும் பூசணும். வேற இடத்துல பட்டுடக் கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"ஒரு சொல்லு தவறாது, டாக்டரம்மா," என்று மொக்கராசு வாக்குக் கொடுத்தான். வினை அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் வேலுத்தாய் எலுமிச்சம்பழச் சோறு கிளறியிருந்தாள். கவளத்தை உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன சோலையப்பன் திடுக்கிட்டு நிறுத்தினான்.

"மாப்ள, வாயி முகத்துல சேருமா?"

"உதடு சேரும். உள்ளாற சேராது," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பன்.

"உதட்டைத் தாண்டாம உள்ளாற எப்படிப் போறது?"

அரை மணி நேரம் வாதாடியும் வழி தென்படவில்லை. டாக்டரம்மா சொல் தவறக் கூடாது என்பதற்காக, ஒச்சப்பன் அந்தத் தட்டைத் தன் முகத்துப் பக்கம் இழுத்துக்கொண்டான்.

குடை விஷயத்திலும் சோலையப்பன் பிசகவில்லை. வெளியே கிளம்பினால் குடையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வான். விரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் வெயில் முகத்தில் படக்கூடாதே! அதற்காகக் காலையில் கிழக்கே போகும்போது பின்பக்கமாக நடந்தான். காக்கை விரட்ட ஆளில்லாததால் கம்பெனிக்காரர்கள் அப்பளத்தைக் கீழே, கண்ணெதிரே, தெருவில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். சோலையப்பன் பின்பக்கமாகவே நடந்து வந்து பாயின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கினான். நடுவில் நானூறு அப்பளம்.

மொக்கராசு கோபமாக வாயைத் திறந்தான்.

"பொறு. படி ஏறினானா?" என்றான் ஒச்சப்பன்.

"ஏறல."

"அப்ப தீர்மானத்த மீறல."

விஷயம் அதோடு முடிந்தது. பாயைச் சுருட்டி வைத்தார்கள்.

பட்டாணிதான் பெரிய தொல்லை. ஊறிய பட்டாணியா, ஊறாத பட்டாணியா என்று டாக்டரம்மா சொல்லாமல் விட்டுவிட்டார். கடைசியில் அரைகுறையாக ஊறிய பட்டாணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தீப்பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, தினமும் அதன் பக்கத்தில் மருந்தைப் பிதுக்கி அளவு பார்த்தார்கள். நாலாம் நாள் எலி பட்டாணியைத் தின்றுவிட்டது. அதே அளவில் இன்னொன்று அகப்படும்வரை மூன்று நாள் வைத்தியம் நின்றது.

முதல் நாள் பூசுகிறபோது மூவரும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார்கள்.

"எனக்குக் கறுப்பு எங்கயும் தெரியலயே," என்றான் சோலையப்பன், விழியைக் கீழே உருட்டித் தன் கன்னத்தைப் பார்க்க முயன்றபடி.

"கண்ணாடியப் பாருடா."

"ஆமா, அந்தா தெரியுது!"

"எங்க தெரியுது?"

"கண்ணாடில."

"அப்ப பூசவேண்டிய இடம் அதான்," என்றான் மொக்கராசு. "வேற எங்கயும் பட்டுடாமப் பாத்துக்க."

சோலையப்பன் ஒற்றை விரலால் கண்ணாடியில் இரண்டு இடத்தில் பூசினான். அடுத்த நொடியே திட்டு மறைந்தது! மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சோலையப்பனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அவன் கண்ணைத் துடைக்க அரை அடி நகர்ந்ததும் திட்டு மறுபடி தெரிந்தது, வேறோர் இடத்தில்.

"பொல்லாத நோயி. எடம் மாறுது," என்றான் ஒச்சப்பன்.

மூன்று மாதம் அந்த நோயைக் கண்ணாடி முழுக்கத் துரத்தினார்கள். கடைசியில் நடுவில் ஒரு சாண் இடம்தான் பாக்கி. வேலுத்தாய் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தலைவாரிக்கொண்டு வந்தாள்.

கெடு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள்.

அவர் சோலையப்பன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, திட்டு நல்லா வெளுத்திருக்கு. வெயிலும் எலுமிச்சையும் படாம இருந்ததே பாதி வைத்தியம். மருந்து ஒழுங்காப் பூசினீங்களா?"

"அங்க என்ன பாக்குறீங்க டாக்டரம்மா? பூசுன எடத்தப் பாருங்க," என்று மொக்கராசு போர்வையை விலக்கி, கண்ணாடியை அவர் முன்னால் நிறுத்தினான். தானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்த மருந்துக்கு நடுவே, அந்த ஒரு சாண் இடத்தில், ஒரு முகம் தெரிந்தது.

"ஐயையோ! சோலையப்பன் முகம் பொம்பள முகமா மாறிருச்சே!"

ஒச்சப்பனும் வந்து பார்த்தான். "மாறினாலும் படிச்ச முகமா மாறியிருக்கு மாப்ள. மூக்குக்கண்ணாடியெல்லாம் போட்டிருக்கு."

சோலையப்பன் பதறினான். வேலுத்தாயிடம் என்ன சொல்வது? அவசரமாகத் தன் மூக்கைத் தடவினான். "மூக்குக்கண்ணாடியக் காணோமே! இப்பத்தான் இருந்துச்சுன்னு சொன்னீங்க!"

மூன்று பேரும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். டாக்டரம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கெடச்சிருச்சு!" என்று ஒச்சப்பன் அதை எடுத்துச் சோலையப்பன் மூக்கில் மாட்டிவிட்டான்.

சோலையப்பன் நிலைக்கண்ணாடியில் பார்த்தான். எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. "மாப்ள, ஒரு திட்டுகூட இல்லடா!" என்று கத்தினான். "நீங்களே பாருங்க டாக்டரம்மா!"

டாக்டரம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியலப்பா," என்றார்.

நோயாளிக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. மொக்கராசு வாசலில் நின்ற நர்சைக் கூப்பிட்டான்.

"எழுதிக்கங்கம்மா. பூரண குணம்."