பன்னிரண்டாவது குடும்பம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அருங்காட்சியகம் காலை எட்டு மணிக்கே திறக்கும். கூட்டம் வருவதற்குள், இரைச்சலும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் குடும்பத்தோடு ஆடவும் களிமண் பிசையவும் இரண்டு மணி நேரம். பாதி விளக்குதான் எரியும். சலங்கை கிடையாது. கைதட்டல் கிடையாது, பிடித்திருந்தால் கையைத் தூக்கி விரல்களை அசைக்க வேண்டும். பன்னிரண்டு குடும்பம். அதற்குமேல் ஒரு ஆள் நுழைய முடியாது.

நடத்துபவர் பூங்கோதை டீச்சர். வயது முப்பத்திரண்டு. அவரிடம் வேலை பழகும் சீடர் பால்வண்ணத்துக்கு அறுபது. நெல் தரகர். மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் விலை பேசியவரில்லை. பேச்சு வராத பேத்திக்காக வந்தவர், நாலு மாதத்தில் வாசல் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு குடும்பம் பொய் சொல்லி நுழைந்தது. கூட்டமில்லாத நேரத்தில் சிலைகளோடு படம் எடுக்க வந்தவர்கள். அவர்கள் போட்ட கூச்சலில் பேத்தி மேசைக்கடியில் புகுந்தாள். மத்தியானம்வரை வெளியே வரவில்லை. பால்வண்ணம் அதை மறக்கவில்லை.

இந்த மாதம் பன்னிரண்டாவதாக ஒரு தாயும் பத்து வயது மகளும் வந்தார்கள். மகள் வணக்கம் சொன்னாள். பெயரைக் கேட்டால் ஊர், பள்ளிக்கூடம், வந்த பஸ்களின் நம்பர்வரை சொன்னாள். பால்வண்ணத்தின் பார்வை அவள் கையில் நின்றது. கை நிறையக் கண்ணாடி வளையல்.

“சத்தம் ஆகாத பிள்ளைக்கு இத்தனை வளையலா?”

“அவ போடுற சத்தம் அவளுக்கு ஆகும், ஐயா. அடுத்தவங்க போடுறதுதான் ஆகாது.”

பால்வண்ணம் டாக்டர் சீட்டைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றாள் தாய். மூணு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். அதை யார் கேட்டது என்றார். சத்தம் கேட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும், விவரமாகச் சொல் என்றார்.

தாய் மகளைப் பார்த்தாள்.

“அவ முன்னாடி என்னத்தச் சொல்ல?”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழே உட்கார்ந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டத் தொடங்கினாள்.

டீச்சர் வெளியே வந்து, என்ன என்று கேட்டார்.

“கலப்படம், டீச்சர். முப்பது வருஷமா ஆளைப் பார்த்துப் பேரம் பேசினவன் நான். மூஞ்சியிலேயே தெரியுது.”

“சோதிச்சுப் பார்த்துடலாம், அண்ணாச்சி.”

சாயங்காலம் மூடும் நேரத்தில் காவலாளி அடிக்கும் பித்தளைக் கைமணி உள்ளே இருந்தது. டீச்சர் அதை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

“அந்தப் பிள்ளை காதுகிட்ட ஒரு தடவை அடிங்க. நிஜம்னா துடிச்சு விழுந்துடும். பொய்னா சும்மா நிக்கும்.”

பால்வண்ணம் மணியை வாங்கினார். உள்ளே தொங்கும் நாக்கை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பொய்தான் டீச்சர். எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்.”

“அப்போ ஒண்ணும் ஆகாது. அடிங்க.”

“என் பேத்தி உள்ளே இருக்கா.”

“உள்ளே கேக்காது. கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன்.”

படிக்குக் கீழே ஒரு செருப்பு மாட்டி முடிந்தது. தாய் இன்னொன்றை எடுத்தாள். பெண் முதுகைக் காட்டி நின்றபடி வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பால்வண்ணம் இரண்டு படி இறங்கினார். அங்கேயே நின்றார். நாக்கைப் பிடித்திருந்த கையில் விரல் ஒன்றுகூடத் தளரவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“பிடிச்ச பிடியை விடாம, மெதுவாக் கீழே வைங்க, அண்ணாச்சி. நான் போய் அவங்களைக் கூப்பிடறேன்.”