வரிக்கு மேலே ஒரு காரணம்

ஒரு குருவுக்கும் அவருடைய சீடருக்கும் நடுவில் நடந்தது இது. குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஊர் கோயமுத்தூர். ஆசிரமம் என்று பார்த்தால், பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மாடியில் 'சிஸ்டம்ஸ்' என்று பலகை மாட்டிய குளிரூட்டிய அறை.

சீடர் சற்குணம் பல வருடம் கீழ்த்தளத்தில் பம்பு வரைந்தவர். டிசைன் பிரிவில் ஆள் குறைத்தபோது, கம்ப்யூட்டர்தானே, மேலே போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் அவர் தன் குருவான ஹசீனாவை "மேடம்" என்று கூப்பிட, அப்பா வயதுக்காரர் வாயால் அதைக் கேட்க ஹசீனாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அப்படியானால் "டீச்சர்" என்று சொல்கிறேன் என்றார் சற்குணம். கேலியாகத்தான் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது.

கீழே வரிசையாக ஒர்க்ஸ்டேஷன்கள் இருந்தன. பம்பு வரையும் சாஃப்ட்வேர் வருடம் ஒருமுறை புதிதாக வரும். முன்பெல்லாம் ஒவ்வொரு சீட்டாகப் போய் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். ஹசீனா வந்த பிறகு ஸ்கிரிப்ட் வந்தது. கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி ஓடவிட்டால், எல்லா மெஷினிலும் அது தானே போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடும். யாரும் கிட்டே போக வேண்டாம்.

ஹசீனாவிடம் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கு மேலேயும் அது எதற்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை மெஷின் படிக்காது, தாண்டிப் போய்விடும். பின்னால் வரும் மனிதர்கள் படிப்பதற்காக அது. 'தேவைப்படுவதால்', 'வசதிக்காக' என்றெல்லாம் மழுப்பி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். தலைகீழாக நின்றாலும் விடமாட்டார்.

"காரணம் மெய்யா இருக்கோணுமுங்ணா. இல்லாட்டி அந்த வரியே வேண்டாம்" என்பார்.

அந்த வருடம் ஸ்கிரிப்டை முதன்முதலாகத் தனியாக எழுதியவர் சற்குணம். எல்லா மெஷினிலும் பழைய பதிப்பைச் சுத்தமாகத் துடைத்து, புதியதைப் போட்டு, கம்பெனியின் பொது செட்டிங்கையும் ஏற்றும்படி எழுதியிருந்தார். அந்தப் பொது செட்டிங் ஹசீனாவே உருவாக்கியது. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு பார்ப்பது சுலபம் என்று மேனேஜருக்கு அதன் மேல் தனிப் பிரியம். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் சற்குணம் ஸ்கிரிப்டை ஓடவிட்டார். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், எல்லா மெஷின் பெயருக்கு நேரிலும் வேலை முடிந்ததற்கான பச்சை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வரும் சந்தோஷம் அந்த வயதில் அவருக்கு வந்தது. போய் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"இதுக்கு மேல என்ன இருக்குதுங்க டீச்சர்? ஒரு ஸ்கிரிப்ட் எப்பத்தான் முடியுது?"

ஹசீனா பெட்டியைத் திறந்து பார்த்தார். எடுத்துக்கொள்ளாமல் மூடி, அவர் கையிலேயே கொடுத்தார்.

"கீழ கொண்டுபோய் ஒவ்வொரு சீட்டாக் குடுங்க. குடுத்ததும் நகந்துராதீங்ணா. அவங்க தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க."

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று சற்குணத்துக்குச் சின்ன மனத்தாங்கல். ஆனாலும் போனார்.

இனிப்பைக் கையில் வைத்திருப்பவரிடம் யாரும் நேரடியாகக் குறை சொல்வதில்லை. தின்றுகொண்டே சொல்கிறார்கள். கறுப்பாக இருந்த திரை வெள்ளையாகிவிட்டது, கண் கூசுகிறது என்றார் ஒருவர். இன்னொருவருடைய பட்டன்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன, பரவாயில்லை பழகிக்கொள்கிறேன் என்றார். ஒரு பையன் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு எல்லாம் அருமை என்றான். சற்குணம் நின்று நின்று கடைசி வரிசைக்கு வந்தார்.

அங்கே மரகதமணி இருந்தார். பம்புக்குள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரத்தின் இதழ் வளைவை அந்தக் கம்பெனியில் அவரைப் போல வரைய ஆள் கிடையாது. பல வருடம் சற்குணத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர்.

"அங்க வெச்சிருங்ணா. அப்பறம் சாப்பிட்டுக்கறேன்" என்றார் மரகதமணி. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

மற்றொரு நாளாக இருந்திருந்தால் சற்குணம் வைத்துவிட்டு நகர்ந்திருப்பார். தின்று முடிக்கும் வரை நிற்கச் சொன்னதால் நின்றார். நின்றதால்தான் பார்த்தார். மவுஸைப் பிடித்த வலது கையை இடது கை அழுத்திப் பிடித்திருந்தது. அப்படியும் திரையில் அம்புக்குறி கோட்டின் மேல் நிற்காமல் தத்தளித்தது. ஒரு புள்ளியைத் தொடப் போய்ப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டது. அழித்தார். மறுபடி போனார். மறுபடி தவறியது.

"ஏம்மா, கை என்ன ஆச்சு?"

மரகதமணி சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். நடுக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரே யோசித்து யோசித்து, அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு அருகில் போனாலே ஒட்டிக்கொள்ளும்படி செய்து, எழுத்துகளைப் பெரிதாக்கி, மவுஸால் செய்வதில் பாதியை விசைப்பலகைக்கு மாற்றி, சாஃப்ட்வேரைத் தன் கைக்குப் பழக்கி வைத்திருந்தார். வரைவது முன்பு போலவே நடந்தது. யாருக்கும் தெரியவில்லை. இன்று காலை வந்து பார்த்தால் அத்தனையும் துடைத்தாற்போல் இல்லை.

"எங்கெங்க மாத்துனேன்னு இப்ப ஞாபகம் வரமாட்டேங்குதுங்ணா. தேடிட்டிருக்கேன்."

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றார் சற்குணம்.

"இங்க எல்லாரும் நல்லவங்கண்ணா. என் மேல எரக்கப்பட்டே என்னய ரெக்கார்டு ரூமுக்கு மாத்தீருவாங்க. நீங்களும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

இரண்டு வருடம் முன்பு ஒருவருக்குக் கண் பார்வை மங்கியபோது அப்படித்தான் மாற்றினார்கள், மாலை போட்டு, இனிமேல் நிம்மதியாக இருங்கள் என்று. அவர் அதற்கப்புறம் ஒரு கோடுகூடப் போடவில்லை. மரகதமணிக்கு வரைவதுதான் எல்லாம் என்று சற்குணத்துக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மாடிப்படி ஏறும்போது அவருக்கு அழுகை வந்தது. தான் துடைக்கச் சொன்னதைத்தான் ஸ்கிரிப்ட் துடைத்திருக்கிறது. அதற்குத்தான் அத்தனை பச்சை.

நல்ல வேளையாக, எல்லா மெஷினிலும் போன வாரம் இருந்ததன் நகல் சேமிப்பில் இருந்தது. அதிலிருந்து மரகதமணியின் பழைய செட்டிங்கைத் தேடி எடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் எழுந்துபோனபோது அவரே போய்ப் போட்டுக் கொடுத்தார். அம்புக்குறி கோட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. மரகதமணி மேஜையில் அப்படியே இருந்த மைசூர்பாகை எடுத்துப் பிட்டு, பாதியை அவரிடம் நீட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வருடமும் ஸ்கிரிப்ட் ஓடுமே என்று சற்குணத்துக்குக் கவலை. உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தார். இன்ன மெஷின் வந்தால் செட்டிங்கைத் தொடாமல் தாண்டிப் போ என்பது கட்டளை. அதற்கு மேலே, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே, மழுப்பாமல் மெய்யான காரணத்தை எழுதினார். 'மரகதமணிக்குக் கை நடுக்கம். பொது செட்டிங்கில் வரைய முடியாது.' நல்ல வரி என்று அவருக்கே திருப்தியாக இருந்தது. எழுதிவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

ஹசீனா குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் கை நீண்டு திரையை அணைத்தது.

"ஒரு பேரு கண்ணுல பட்டுதுங்ணா. அதுக்கு மேல நான் படிக்கல. இதை இன்னும் பொது ஃபோல்டருக்கு அனுப்பலீங்களே?"

"இல்லீங்க டீச்சர்."

"அனுப்புனா யாரெல்லாம் படிப்பாங்க?"

சற்குணம் சொல்ல ஆரம்பித்தார். நீங்க, நான், மேனேஜர், ஆடிட்டுக்கு வருகிறவர்கள், ஓசூர் கிளை. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவர், வாயால் சொல்லவில்லைதான். எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கும்படி எழுதி வைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காகிவிட்டதே என்று உடம்பு கூசியது.

திரையைப் போட்டு, காரணத்தை மட்டும் அழித்தார். பிறகு அவருக்கே புரிந்தது. இந்த ஒரு மெஷினை மட்டும் ஏன் தாண்டுகிறது என்று பார்க்கிறவன் கேட்பான். கட்டளையையும் அழித்தார்.

"நான் என்ன செய்யட்டுமுங்க டீச்சர்? அந்த மெஷினு வந்து…"

"எந்த மெஷினுன்னு எனக்கு வேண்டாமுங்ணா."

ஹசீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தி, அவரே எழுதினார். பழையதைத் துடைப்பதற்கு முன், ஒவ்வொரு மெஷினிலும் அவரவர் செட்டிங்கை எடுத்துத் தனியே வைத்துக்கொள். புதியதைப் போட்டு முடித்ததும் அவரவருடையதை அவரவருக்கே திருப்பிக் கொடு. அதில் எந்த மெஷினின் பெயரும் இல்லை. அடுத்த வருடம் ஓடும்போது கண் கூசியவருடைய கறுப்புத் திரை போகாது, பட்டன் தேடியவருடைய பட்டன்கள் இடம் மாறாது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மரகதமணியுடையதும் தப்பிவிடும்.

சற்குணத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு இன்னொன்று ஏறிக்கொண்டது. கட்டளைக்கு மேலே காரணத்தின் இடம் காலியாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிற மேனேஜர் முதலில் இதைத்தான் கேட்பார், எதற்கு இப்படி மாற்றினீர்கள் என்று. துருவிக்கொண்டு போனால் கடைசி வரிசையில்தான் போய் நிற்பார்.

"இதுக்கு மேல என்னன்னு எழுதறதுங்க டீச்சர்? 'வசதிக்காக'ன்னு எழுதுனா நீங்களே திருப்பி அனுப்பிச்சுருவீங்க."

ஹசீனா அந்தக் காலி இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"'ஹசீனாவுக்கு அவளோட செட்டிங்கை யாராவது மாத்துனா வேலை ஓடாது'ன்னு எழுதுங்க."

சற்குணம் தயங்கினார். அந்தப் பொது செட்டிங்கை உருவாக்கியவரே ஹசீனாதான். அதில் ஒரு புள்ளியைக்கூடத் தனக்காக அவர் மாற்றிக்கொண்டதில்லை என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"அது பொய்யாச்சுங்களே டீச்சர். காரணம் மெய்யா இருக்கோணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஹசீனா எழுந்து தன் மேஜைக்குப் போனார். விசைப்பலகைக்கு வலப்பக்கம் இருந்த மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்தார். செட்டிங்கைத் திறந்து, இடது கைக்கு மாற்றிச் சேமித்தார். பிறகு இடது கையால் மவுஸைப் பிடித்து, திறந்திருந்த ஒரு கோப்பை மூடப் போனார். அம்புக்குறி எங்கெங்கோ போய், வேறு எதையோ திறந்துவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்தது. மறுபடி பிடித்தார்.

"எழுதுங்ணா" என்றார். "இனிமே அது மெய்தான்."