வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

பல்கலைக்கழகத்தில் உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் அறைக்கு எஸ்தர்தான் உதவியாளர். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அறைக்கு வருபவர்கள் கையெழுத்துப் போடவேண்டிய வருகைப் பதிவேட்டில் தினமும் வெறும் தேதி போடுவாள்.

ஒருநாள் துறைத்தலைவர் வைத்தியலிங்கம் வந்து உறுமினார். "இங்க யாரு வர்றா? ஒரே ஒரு ஆராய்ச்சியாளர் வந்ததாக் காட்டு. இல்லேன்னா நாளைக்கே அறையைக் காலி பண்ணு!"

எஸ்தர் அலமாரியிலிருந்து அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் பிரித்தாள். "மூணு வருஷம் தினமும் இந்த அறையில ஆராய்ச்சி செஞ்சதா நீங்களே எழுதியிருக்கீங்க சார். அப்பவும் நான்தான் இங்க இருந்தேன். பதிவேட்டுல உங்க கையெழுத்தைத்தான் காணோம். பதிவேடுதானே சார் தப்பா இருக்கணும்?"

"அறை இருக்கட்டும்மா" என்று அவர் நழுவப் பார்த்தார்.

"இன்னைக்கு வந்ததுக்கு ஒரு கையெழுத்து, சார்."

போட்டார்.

மறுநாள் தேதி போட்டுவிட்டு, எஸ்தர் அந்தப் பெயரை மறுபடி வாசித்தாள். அந்த வருஷம் வந்த ஒரே ஆள்.