சனிக்கிழமை எண்ணெய்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சொரிமுத்துவுக்கோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே மகன் இசக்கிவேல் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, மனைவி உலகம்மாளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டவர்.

மடத்தைக் கூட்டுவார், தண்ணீர் இறைப்பார். பூசை நேரத்தில் மட்டும் ஆளைப் பார்க்க முடியாது. விளக்கைக் கண்டாலே மனிதருக்கு எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை காலையில் சாமி கேட்டேவிட்டார்.

"பூசைன்னா ஏன் ஓடுறீங்க அய்யா?"

"சடங்கெல்லாம் ஏமாத்து சாமி."

"யார் ஏமாத்துனா?"

சொரிமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "சனிக்கிழமை தவறாம என் மகனுக்கு நான்தான் எண்ணெய் தேய்ச்சு விடுவேன். உச்சியில கை வச்சு, 'நூறு வயசு இருலே'ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பேன். கைக்குழந்தையில இருந்து அப்படித்தான். கடைசி அன்னைக்கும் சொன்னேன். குளிச்சுட்டு பைக்க எடுத்துட்டுப் போனான், வரல. பத்தொம்பது வயசு. என்ன பிரயோசனம், சொல்லுங்க?"

சாமி எழுந்தார். சமையல்கட்டுக்குப் போய், ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடு காட்டி எடுத்து வந்தார். சொரிமுத்துவின் முன்னால் முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தேய்ச்சு விடுங்க."

"மொட்டைத் தலைக்கா?"

"மொட்டையும் சூடேறும் அய்யா."

குருவின் பேச்சைத் தட்டவும் முடியாது. சொரிமுத்து உச்சியில் கை வைத்தார். வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. எண்ணெய் கண்ணில் இறங்காதபடி இடது கை தானாகப் போய் நெற்றியில் அணை கட்டியது. விரல்கள் காது மடலுக்குப் பின்னால் போயின. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனிதர், அந்த மொட்டைத் தலைமேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதார்.

அழுகை ஓயும்வரை சாமி அசையவில்லை.

"மகன் ஒழுங்கா உக்காருவானா?"

"எங்க? நெளிவான். கண்ணு எரியுதும்பான், நேரமாச்சும்பான்."

"நூறு வயசுங்கிறத நம்புனானா?"

"சிரிப்பான் சாமி. 'அதுவரைக்கும் நீயே தேய்ச்சு விடுவியாப்பா?'ன்னு கேப்பான்."

"வளர்ந்த பையன். எந்திரிச்சுப் போயிருக்கலாமே?"

சொரிமுத்து எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு, "ஒரு வாரம்கூடப் போனதில்ல," என்றார்.

சாமி துண்டால் கழுத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"அவ தலை சீவியே மாசக்கணக்காச்சுன்னு ஊர்ல இருந்து வந்தவங்க சொன்னாங்க."

"பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கிறது வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள ஊர் போய்ச் சேருங்க."

சொரிமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. "அவ தலையில கை வச்சு என்னன்னு சொல்லுவேன் சாமி? அந்த வார்த்தை இனி என் வாயில வராதே."

"வர வேண்டாம்," என்றார் சாமி. "கை வருதுல்ல?"