வெப்பத்துக்கு ரோகிணி

நாமக்கல்லில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள் என்றால், மூளையும் மூன்று இருந்திருக்கும் என்று நினைப்பது நம்முடைய தப்பு. செங்கோடன் மூத்தவன். அதனால் அவன் யோசிப்பான். நல்லசிவமும் தியாகுவும் தலையாட்டுவார்கள்.

பாவாயி அக்காவின் குஞ்சு பொரிப்பகத்துக்கு அவர்கள் நிரல் எழுதியிருந்தார்கள். பத்தாயிரம் முட்டைகளுக்குச் சூடு காட்டுவது அந்த நிரல்தான். வெப்பம், ஈரம் என்று அளவு வைக்கிற ஒவ்வொன்றுக்கும் அதில் 'மாறி' என்று பெயர். வெளியூர் கிளம்பும்போது முதலாளி சொன்னார்: "அக்கா மாத்திக்கலாம்ங்கற மாறிக்கெல்லாம் விளக்கப் புத்தகத்துல மொதல்ல ஒரு நட்சத்திரம் போட்டுருங்க. நட்சத்திரம் இல்லாததை அவங்க தொடக்கூடாது."

விசைப்பலகையில் எட்டுக்கு மேல் இருக்கிற பூ மாதிரிக் குறியைத்தான் அவர் சொன்னார். செங்கோடனுக்கோ முதலாளி மேல் மரியாதை கூடிவிட்டது. மனுசனுக்கே நட்சத்திரம் பார்க்காத காலத்தில் மாறிக்குப் பார்க்கச் சொல்கிறாரே.

ஒவ்வொரு மாறியும் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று கணினியில் தேடி எடுத்தான். நல்லசிவம் பஞ்சாங்கம் பார்த்தான். வெப்பம், ரோகிணி. ஈரம், சதயம். முட்டை திருப்பும் நேரம், ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது என்று தியாகு பக்கத்தில் எழுதிவைத்தான்.

புத்தகம் கைக்குப் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அக்கா போன் செய்தார். சூடு ஏறிக்கொண்டே போகிறது, புத்தகத்தில் ரோகிணி என்று என்னவோ போட்டிருக்கிறது, இதை மாற்றலாமா கூடாதா என்று கேட்டார்.

செங்கோடன் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். "இன்னைக்கு அதுக்குச் சந்திராஷ்டமமுங்கக்கா. ரெண்டு நாள் கழிச்சு மாத்துங்க."

"அதுக்குள்ள முட்டை வெந்துருமப்பா."

செங்கோடன் மற்ற இருவரையும் கூப்பிட்டான். பத்தாயிரம் உயிர். மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"பழைய வெப்பத்த அழிச்சுட்டு இப்பவே புதுசா எழுதிட்டா?" என்றான் நல்லசிவம். "இன்னைக்குப் பொறந்ததாயிரும். இன்னைக்கு மூலம்."

"ஆண் மூலம் அரசாளும்," என்று தியாகு ஒப்புக்கொண்டான்.

செங்கோடன் நல்ல நேரம் பார்த்து அழித்தான், எழுதினான். ஒரு பிழை இல்லை. சுகப்பிரசவம் என்று மற்ற இருவருக்கும் சர்க்கரை கொடுத்தான்.

அக்கா மறுபடி கூப்பிட்டு, இப்போதாவது மாற்றலாமா என்றார்.

"பொறந்த தீட்டுங்கக்கா. பதினோரு நாளைக்கு யாரும் தொடக்கூடாது."

அக்கா போனை வைத்தார். போய் மெயின் சுவிட்சை அணைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார். முட்டைகள் பிழைத்தன. இங்கே திரையில் நிரல் நின்றுபோனதைப் பார்த்த செங்கோடனுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. மூவரும் போட்டது போட்டபடி எழுந்து தலை முழுகப் போனார்கள்.

முதலாளி திரும்பி வந்தபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:

'கண்ணீர் அஞ்சலி. வெப்பம். தோற்றம்: இன்று காலை 10.30. மறைவு: இன்று காலை 11.05. காரியம் பதினாறாம் நாள். துயருடன், ஈரம் மற்றும் குடும்பத்தார்.'