துரை சொன்ன செக்

பூவரசங்கோட்டை சமஸ்தானத்து ராஜா உதயமார்த்தாண்டருக்கு மீசை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. நாடுதான் கொஞ்சம் சின்னது. அவருடைய சபையில் விகடம் பேசியே வயிறு வளர்த்துவந்தார் சாரநாதன். அவர் வாயைத் திறந்தால் சபையே சிரிக்கும், துபாஷி வரதப்பர் மட்டும் சிரிக்கமாட்டார். வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குத் தமிழில் சொல்வது வரதப்பரின் வேலை. சாரநாதனும் ஓட்டை இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டதிலிருந்து அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

ஒருநாள் பிக்ஃபர்ட் துரை விருந்தாளியாக வந்தார். கூடவே வில்லங்கமும் வந்தது.

ராஜா அன்போடு மாம்பழக் கூடைகளைக் கொடுத்தார். துரை தன் சிப்பாயைப் பார்த்து, "செக்!" என்றார். சிப்பாய் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"சோதனை போடச் சொல்கிறார்," என்றார் துபாஷி.

துரையின் கட்டம் போட்ட கால்சட்டை ராஜாவின் கண்ணைப் பறித்தது. என்ன துணி என்று கேட்டார். "செக்," என்றார் துரை.

பட்டத்து யானை ஊரார் கரும்புக் கொல்லையில் புகுந்து மேய்வது துரையின் காதுக்கு எட்டியது. அதைச் 'செக்'கில் வைக்கும்படி ராஜாவுக்கே புத்தி சொன்னார்.

ராஜா துள்ளி எழுந்தார். "என்னது! என் பட்டத்து யானை செக்கு இழுக்கணுமா? நல்லெண்ணெய் ஆட்டணுமா?"

"ஐயையோ, அந்தச் செக்கு இல்லை மகாராஜா! அடக்கி வைக்கச் சொல்கிறார்," என்று துபாஷி பதறினார்.

சாயங்காலம் சதுரங்கம் ஆடினார்கள். ராஜாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் நவாபின் ஆள். அதனால் எதிராளியின் ராஜாவுக்குக் குறிவைக்கும்போதெல்லாம் ராஜா "ஷா!" என்று கத்துவார். துரையோ "செக்!" என்று கத்தினார். ஷா குறைந்துகொண்டே போனது, செக் கூடிக்கொண்டே போனது. ராஜா தோற்றார்.

துரை பங்களாவுக்குப் போனதும் ராஜா வெடித்தார். "சோதனைக்கும் செக், துணிக்கும் செக், யானைக்கும் செக், எனக்கும் செக்! ஒரு வார்த்தைன்னா ஒரு அர்த்தம் வேண்டாமா? என்னைக் கேலி பண்றானா?"

துபாஷிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "சாரநாதனைக் கேளுங்கள் மகாராஜா. இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர்!"

"ஓய் சாரநாதன்! நாளைக்குக் காலையில் துரை முன்னாலேயே இது அத்தனைக்கும் ஒரே அர்த்தம் சொல்லணும். சொல்லலைன்னா மாட்டை அவிழ்த்துவிட்டு உம்மை அரண்மனைச் செக்கில் கட்டுவேன்!"

அது கல் செக்கு. கொழுத்த மாடே அதைச் சுற்றும்போது பெருமூச்சு விடும். சாரநாதனுக்கோ சால்வையே பாரம்.

அழுதால் ஆகுமா? நேராகத் துரையின் பங்களாவுக்கு நடந்தார். "சார், என் ராஜா ஷா சொல்றார், நீங்க செக் சொல்றீங்க. ஏன் சார்?" என்று தன் ஓட்டை இங்கிலீஷில் கேட்டார். சதுரங்கப் பைத்தியமான துரைக்கு இது போதாதா? டீ ஆறும்வரை பேசித் தீர்த்தார். சொன்னவரிடமே அர்த்தம் கேட்கலாம் என்று துபாஷிக்கு ஏனோ தோன்றவில்லை. எல்லோரும் அப்படிக் கேட்க ஆரம்பித்தால் துபாஷிக்கு என்ன வேலை?

மறுநாள் காலை. துரையும் சபையில் இருந்தார்.

"என்னய்யா, ஒரே அர்த்தம் கிடைச்சுதா?"

"கிடைத்தது மகாராஜா. செக் என்றால் ராஜா!"

சபை வாயைப் பிளந்தது.

"தாங்கள் சொல்கிற ஷாதான் அது. பாரசீகத்தில் ஷா என்றால் ராஜா. அந்த வார்த்தை அரபு நாட்டில் ஓர் அடி, பிரான்சில் ஓர் உதை வாங்கி, இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் செக் ஆகிவிட்டது. செக் வைத்தால் ராஜா இஷ்டத்துக்கு ஆட முடியுமா? அதனால் அடக்கி வைப்பது செக். அடக்கி வைத்துத் துழாவிப் பார்ப்பதும் செக். சதுரங்கப் பலகையில் கட்டம் இருக்கிறதே, அதனால் கட்டம் போட்ட துணியும் செக்."

துபாஷி வேண்டாவெறுப்பாக அதைத் துரைக்குச் சொன்னார். துரை "யெஸ், யெஸ்!" என்று தலையாட்டினார்.

ராஜாவின் மீசை நிமிர்ந்தது. "அப்போ துரையோட கால்சட்டை பூரா என் பேர்தானா?"

"மகாராஜா!" என்று துபாஷி குறுக்கே பாய்ந்தார். "அந்தக் கால்சட்டையோடுதானே அவர் உட்காருகிறார்! தங்கள் பெயர் மேலேயே!"

மீசை தொங்கியது. ராஜாவின் கண் சிவந்தது. சாரநாதனின் காதில் செக்கு கிறீச்சிட்டது. ஆனால் நாக்கு அவரை எந்த நாளும் கைவிட்டதில்லை.

"எல்லாத் துரையும் ராஜாக்கள் மேலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், மகாராஜா. இவர் ஒருத்தர்தான் அதைத் துணியிலேயே போட்டு ஒத்துக்கொண்டவர்!"

சபை ராஜாவின் மீசையையே பார்த்தது. பிறகு ராஜாவின் தொந்தி குலுங்கியது. அப்புறம் அரண்மனையே குலுங்கியது.

"என்ன சொன்னான்?" என்று துரை கேட்டார். உள்ளதைச் சொன்னால் துபாஷியின் தலைதான் உருளும்.

"உங்கள் கால்சட்டையைப் புகழ்கிறார், சார்."

துரைக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்து நின்றார். சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கால்சட்டையின் பின்பக்க அழகையும் காட்டினார். ராஜா சிம்மாசனத்திலிருந்து நழுவியே விட்டார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குறுக்கே பாய்ஞ்சு கோள் மூட்டின துபாஷியாரே, செக்கு காலியாத்தான் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நீர் இழுத்துப் பாரும்!" என்றார். "ஓய் சாரநாதன், உமக்கு என்ன வேணும், கேளும்!"

சாரநாதன் கைகட்டி நின்றார். "நேற்றிலிருந்து பயத்தில் தலை கொதிக்கிறது மகாராஜா. துபாஷியார் ஆட்டுகிற முதல் எண்ணெயைக் கொடுத்தால், தேய்த்துக் குளித்துவிட்டு வந்துவிடுவேன்."